போர்க்காலப் பிரிட்டனில் ரேஷன் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் உணவு ரேஷன் தொடங்கிய நாள் 1940 ஜனவரி 8. கடைசிப் பொருள் ரேஷனிலிருந்து விடுபட்ட நாள் 1954 ஜூலை 4. ஆறு ஆண்டு நடந்த இரண்டாம் உலகப்போருக்குப் பதினான்கரை ஆண்டு ரேஷன். போர்முனையைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அதே காலத்தில் அடுப்படியிலும் துணி அலமாரியிலும் நடந்ததைப் பற்றியது இந்தப் பக்கம்.

அளவுகளுக்கு ஒரு குறிப்பு: ஓர் அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். அன்றைய பணத்தில் 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ரேஷன் அளவுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறைந்தன. இங்கே சொல்லியிருப்பது போர்க்காலத்தில் பெரும்பாலும் நிலவிய அளவு.

ரேஷன் வைக்கும் அளவுக்கு என்ன நெருக்கடி?

பிரிட்டன் தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்ட நாடல்ல. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உணவு அங்கே கப்பலில் வந்து இறங்கியது. சர்க்கரை, பாலாடைக்கட்டி, தானியம் ஆகியவற்றில் ஏறக்குறைய 70 சதவீதமும் இறைச்சியில் பாதிக்கு மேலும் வெளிநாட்டுச் சரக்கு. அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் குறிவைத்து மூழ்கடித்தன. தப்பி வரும் கப்பலிலும் துப்பாக்கிக்கும் விமான எண்ணெய்க்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

முதல் உலகப்போரில் பட்ட பாடும் அதிகாரிகளுக்கு மறக்கவில்லை. அப்போது நாடு தழுவிய ரேஷன் வந்தது 1918-ல், போர் முடிகிற ஆண்டில். அதற்குள் விலை ஏறி, கடைவாசலில் நீண்ட வரிசைகள் உருவாகி, கையில் காசிருப்பவர் முந்திக்கொண்டார். இந்தமுறை ரேஷன் புத்தகங்கள் போர் தொடங்குமுன்பே தயாராக இருந்தன. 1939 செப்டம்பர் 29 அன்று வீடுவீடாக ஆட்களைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் புத்தகம் வழங்கப்பட்டது.

நம் ரேஷன் கடை மாதிரிதானா?

இல்லை. நமக்கு ரேஷன் என்றால் அரசு நடத்தும் கடை, மலிவு விலை. அங்கே அரசுக் கடை எதுவும் கிடையாது. தெருமுனையில் எப்போதும் போகிற அதே மளிகைக்கடை, அதே இறைச்சிக்கடைதான். பொருளுக்குக் காசும் கொடுக்க வேண்டும், புத்தகத்தில் கூப்பனும் இருக்க வேண்டும். ஏழைக்கு மட்டும் என்றும் இல்லை. கோடீஸ்வரருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரே அளவுதான்.

நடைமுறை இப்படி: குடும்பம் ஒரு மளிகைக்கடையிலும் ஓர் இறைச்சிக்கடையிலும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடையின் பெயர் புத்தகத்தில் எழுதப்படும். கடைக்காரரிடம் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ, அத்தனை பேருக்கான சரக்கை மட்டுமே உணவு அமைச்சகம் அவருக்கு ஒதுக்கும். வாரம் ஒருமுறை புத்தகத்தை நீட்டினால் அவர் கூப்பனை வெட்டியெடுப்பார். பிற்காலத்தில் முத்திரை குத்தியோ பென்சிலால் கோடு போட்டோ கூப்பனை ரத்து செய்தார்கள். பதிந்த கடையை விட்டு வேறு கடையில் வெண்ணெய் வாங்க முடியாது.

கட்டுப்பெட்டித்தனமாகத் தோன்றும் இந்தப் பதிவுதான் மொத்த ஏற்பாட்டுக்கும் முதுகெலும்பு என்பது என் கருத்து. உங்கள் பெயருக்குரிய இரண்டு அவுன்ஸ் வெண்ணெய் உங்கள் கடைக்கு வந்தே தீரும். அளவு சிறியது, ஆனால் நிச்சயம். ரேஷன் பொருளுக்கு விலைக் கட்டுப்பாடும் இருந்ததால் அதை வாங்கக் காசு பத்தாமல் போகிற நிலையும் பெருமளவு தவிர்க்கப்பட்டது. ரேஷனை மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு நாட்டுப்பற்றுச் சுவரொட்டிகளைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. சொன்ன அளவு சொன்னபடி கைக்கு வந்ததுதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாரத்துக்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு கிடைத்தது?

முதலில் வந்தவை பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றும்தான். 1940 மார்ச்சில் மற்ற இறைச்சிகள், ஜூலையில் தேயிலையும் மார்ஜரினும், 1941-ல் ஜாமும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தன.

பொதுவான கணக்கு: பதப்படுத்திய பன்றி இறைச்சி 4 அவுன்ஸ், சர்க்கரை 8 அவுன்ஸ், மார்ஜரின் 4 அவுன்ஸ், வெண்ணெய் 2 அவுன்ஸ், பாலாடைக்கட்டி 2 அவுன்ஸ், தேயிலை 2 அவுன்ஸ். பால் சுமார் 3 பைண்ட், அதாவது ஒன்றேமுக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதுவும் சில மாதங்களில் குறையும். மிட்டாயும் சாக்லேட்டும் 1942 ஜூலையில் ரேஷனுக்கு வந்தன, நான்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 12 அவுன்ஸ்.

இரண்டு அவுன்ஸ் வெண்ணெய் என்றால் இரண்டு தீப்பெட்டியை ஒட்டவைத்த அளவு. ஏழு நாளைக்கு அதுதான். பல வீடுகளில் ஆளுக்கொரு சின்னத் தட்டில் அவரவர் வெண்ணெயைப் பெயரெழுதி வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமையே தடவித் தீர்ப்பதா, ஞாயிறு வரை இழுத்துப்பிடிப்பதா என்பது அவரவர் பாடு.

இறைச்சிக்கு மட்டும் எடைக்கணக்கு இல்லை, விலைக்கணக்கு. வாரத்துக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் 2 பென்ஸுக்கு வாங்கலாம். நல்ல துண்டு கேட்டால் கொஞ்சம்தான் வரும். எலும்பும் கொழுப்புமான மலிவுத் துண்டு கேட்டால் நிறைய வரும். எதை வாங்குவது என்ற முடிவைக் குடும்பத்திடமே விட்டது நல்ல யோசனை.

இதை வைத்து வயிறு நிறைந்ததா?

நிறைந்தது. போர் நடந்த ஆறு ஆண்டுகளிலும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் ரேஷனுக்கு வரவே இல்லை. அதனால் பசி என்பது பொதுவான அனுபவமாக இல்லை. அலுப்புதான் பொதுவான அனுபவம். சுவையானதும் கொழுப்பானதும் இனிப்பானதும் அளந்து வந்தன. மாவுப்பண்டம் மட்டும் வேண்டிய மட்டும்.

அந்த ரொட்டியும் பழைய வெள்ளை ரொட்டி அல்ல. கப்பலில் கோதுமைக்கான இடத்தை மிச்சம்பிடிக்க, கோதுமை மணியில் 85 சதவீதத்தையும் மாவாக்கி, தவிட்டோடு சேர்த்துச் சுட்ட 'தேசிய ரொட்டி' 1942-ல் வந்தது. வெள்ளை ரொட்டி விற்கத் தடை. நிறம் சாம்பல், பிய்த்தால் உதிரும். ஜனங்கள் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். சத்து என்னவோ அதில்தான் அதிகம்.

வீட்டுத் தோட்டம் பெரிய துணை. புல்வெளி, பூந்தோட்டம், பூங்கா எல்லாவற்றையும் கொத்திக் காய்கறி போடச் சொன்னது அரசு. குடிமக்கள் வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் சிறு துண்டு நிலங்கள் ஏறக்குறைய 8 லட்சத்திலிருந்து 14 லட்சமாகப் பெருகின. உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப், காலிஃபிளவரைச் சேர்த்து ஓட்ஸ் போட்டுக் கெட்டியாக்கி, மேலே மாவுமூடி வைத்துச் சுடுகிற 'வூல்டன் பை' அந்தக் காலத்தின் அடையாளப் பதார்த்தம். 1940 முதல் 1943 வரை உணவு அமைச்சராக இருந்த வூல்டன் பிரபுவின் பெயரால் வந்தது. செய்முறை லண்டன் சவாய் ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் பிரான்சுவா லாத்ரியுடையது.

ரேஷனில் இல்லாத பொருள் எளிதாகக் கிடைத்ததா?

அதுதான் தலைவலி. ரேஷன் பொருள் நிச்சயம். ரேஷனில் இல்லாததற்கு அதிர்ஷ்டம் வேண்டும். மீனுக்கு ரேஷன் கிடையாது, ஆனால் வந்த சரக்கு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளும் அப்படியே.

வெங்காயத்தின் கதி இன்னும் மோசம். பிரான்சின் பிரிட்டனி கடற்கரையிலிருந்தும் சேனல் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்த வெங்காயம், 1940-ல் அந்தப் பகுதிகள் ஜெர்மானியர் கைக்குப் போனதும் நின்றுபோனது. அலுவலகங்களில் ஒற்றை வெங்காயத்தைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தினார்கள். வாழைப்பழ இறக்குமதியை 1940-ன் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். போருக்குப் பின் முதல் வாழைப்பழக் கப்பல் 1945 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. அஞ்சு வயதுப் பிள்ளைகளுக்கு அதை எப்படி உரிப்பதென்றே தெரிந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட பொருளுக்காகத்தான் வரிசை. எதற்கென்று தெரியாமலே பெண்கள் வரிசையில் போய் நின்றார்கள், ஏதோ வந்திருக்கிறது என்பதே போதும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதற்கும் வழியில்லை; ஷிப்ட் முடிந்து வருவதற்குள் கடை காலி. ரேஷனை நியாயமான ஏற்பாடு என்று பாராட்டும்போது இந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. வாங்கி, அளந்து, பிரித்து, அலுக்காமல் சமைத்து, தன் பங்கைக் குழந்தைக்கோ கணவனுக்கோ தள்ளிவிட்டது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான்.

புள்ளி முறை என்று சொல்கிறார்களே, அது என்ன?

டின் மீன், டின் இறைச்சி, உலர்பழம், பருப்பு, பிஸ்கட் போன்றவை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் அளவுக்கு இல்லை. எல்லோரும் எல்லாவற்றையும் விரும்பவும் மாட்டார்கள். அதனால் 1941 டிசம்பர் 1 முதல் ஒவ்வொருவருக்கும் நான்கு வாரத்துக்கு 16 புள்ளி கொடுத்தார்கள். பிறகு அது 20, 24 என்று மாறியது. ஒவ்வொரு பண்டத்துக்கும் காசு விலையோடு புள்ளி விலையும் உண்டு. எந்தக் கடையிலும் செலவழிக்கலாம், பதிவு தேவையில்லை.

இதில் ஒரு நுட்பம். சரக்கு தேங்கினால் அமைச்சகம் அதன் புள்ளியைக் குறைக்கும். அடித்துப்பிடித்து வாங்கினால் ஏற்றும். டின் சால்மன் மீனுக்கு எப்போதும் புள்ளி கொள்ளை. ஆனாலும் அரிசிக் கஞ்சிக்கும் பட்டாணிக்கும் செலவழிப்பதை விட்டு, ஒரு மாதப் புள்ளியைச் சேர்த்துவைத்து ஒரே ஒரு டின் சால்மன் வாங்கி ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்த குடும்பங்கள் உண்டு. என்ன வேண்டும் என்று நாமே தீர்மானிக்கிற சின்னச் சுதந்திரம் அதில் இருந்தது.

முட்டை?

வாரத்துக்கு ஒன்று, பல சமயம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1942 முதல் அமெரிக்காவிலிருந்து முட்டைப் பொடி வந்தது. 12 முட்டைக்குச் சமமான ஒரு பொட்டலம் ஒரு ஷில்லிங் 9 பென்ஸ். ஒரு மேசைக்கரண்டி பொடியில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கலக்கினால் ஒரு முட்டை. கேக்குக்குச் சரி, ஆம்லெட் ரப்பர் மாதிரி வரும் என்று குறை.

கோழி வளர்ப்பவர்கள் தங்கள் முட்டை ரேஷனை விட்டுக்கொடுத்தால், அதற்குப் பதில் கோழித்தீவனம் வாங்கிக்கொள்ளலாம். அதோடு உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்துப் பிசைந்து கோழிக்குப் போடுவார்கள். நாலு கோழி வைத்திருந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் தனி மரியாதை.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்?

சைவர் என்று பதிந்துகொள்ளலாம். இறைச்சிக் கூப்பனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்குக் கூடுதல் பாலாடைக்கட்டி கிடைக்கும். விவசாயத் தொழிலாளர்களுக்கும் கூடுதல் பாலாடைக்கட்டி உண்டு: வயலில் வேலை, மதியத்துக்குக் கேண்டீன் கிடையாது, ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுபோக அதுதான் தோது.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனிச் சலுகை இருந்ததா?

இருந்தது. இந்த ஏற்பாட்டில் மனதைத் தொடும் பகுதியும் அதுதான். புத்தகத்தின் நிறமே வேறு. பெரியவர்களுக்கு மங்கலான பழுப்பு, 5 முதல் 16 வயது வரை நீலம், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பச்சை. பச்சைப் புத்தகத்துக்குத் தினமும் ஒரு பைண்ட் பால், அதுவும் மலிவு விலையில், வசதியில்லாதவருக்கு இலவசம். முட்டை கூடுதல். ஆரஞ்சு வந்தால் முதல் உரிமை. 1941 டிசம்பரிலிருந்து மீன் எண்ணெயும் பழச்சாறும் கொடுத்தார்கள். பள்ளிகளில் மதிய உணவு பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை போர்க்காலத்தில் பல மடங்கு பெருகியது.

பணக்காரர்கள் ஓட்டலில் சாப்பிட்டுத் தப்பித்துக்கொள்ளலாமே?

தப்பித்துக்கொண்டார்கள். ஓட்டலில் சாப்பிடக் கூப்பன் தேவையில்லை. எதிர்ப்பு கிளம்பவே, 1942 ஜூனிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது, ஒருவருக்கு மூன்று சுற்றுக்கு மேல் பரிமாறக்கூடாது என்று கட்டளை வந்தது. ஆடம்பர ஓட்டல்கள் இருக்கைக் கட்டணம், ஆட்டபாட்டக் கட்டணம் என்று மேலே சேர்த்துக்கொண்டன. சமத்துவத்தில் இது ஓர் ஓட்டை, மறைக்க வேண்டியதில்லை.

மறுபக்கம், உள்ளாட்சிகள் நடத்திய 'பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்' என்ற பொது உணவகங்களில் 9 பென்ஸ் வாக்கில் சூடான முழுச் சாப்பாடு கிடைத்தது, கூப்பன் இல்லாமல். 1943-ல் இவை 2,000-ஐத் தாண்டின. குண்டுவீச்சில் வீடும் அடுப்பும் போனவர்களுக்காகத் தொடங்கி, எல்லோருக்குமாக விரிந்தவை.

துணிக்கு எப்படி ரேஷன் போட்டார்கள்?

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. வர்த்தக வாரியத் தலைவர் ஆலிவர் லிட்டில்டன் வானொலியில் அறிவித்தார்: இன்றிலிருந்து துணிக்கும் செருப்புக்கும் கூப்பன். கடைகள் மூடியிருந்த நாளாகப் பார்த்து அறிவித்ததால் யாரும் ஓடிப்போய் வாங்கிக் குவிக்க முடியவில்லை. கூப்பன் அச்சடித்தால் செய்தி கசிந்துவிடும் என்று, உணவுப் புத்தகத்தில் மிச்சமிருந்த மார்ஜரின் கூப்பன்களையே துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை இரகசியமாக வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். ஆண்களின் மூன்றுதுண்டு கோட்டுசூட்டுக்கு 26, மேலங்கிக்கு 16, ஷூவுக்கு 7. ஆக மூன்றும் சேர்த்து 49. மிச்சம் 17-ல் சட்டை, உள்ளாடை, காலுறை எல்லாம். அடுத்து ஆண்டுக்கு 48 என்ற கணக்குக்கு இறங்கியது. அந்த மூன்றை வாங்கவே ஒன்று குறையும். பெண்களின் கம்பளி கவுனுக்கு 11, நீள்காலுறைக்கு 2. தொப்பிக்குக் கூப்பன் இல்லை.

தைக்கும் முறைக்கும் விதி வந்தது. 1942 முதல் ஆண்கள் கால்சட்டையின் நுனியில் மடிப்பு வைக்கக்கூடாது, பைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, காலுறையின் நீளத்துக்கு வரம்பு, பெண்களின் பாவாடை மடிப்புக்கும் பொத்தானுக்கும் வரம்பு. கால்சட்டை மடிப்பு போனதற்கு ஆண்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. நீளமாக வாங்கிவந்து வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. 'சிசி41' என்ற முத்திரையோடு அரசு தரநிர்ணயம் செய்த துணிகள் வந்தன. விலை கட்டுப்பாட்டில், தரம் நம்பகம். நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் போன்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் அமைப்பே அதற்கு மாதிரிகள் வரைந்து கொடுத்தது.

பழைய துணியை எப்படிச் சமாளித்தார்கள்?

கைவேலைதான். படுக்கை விரிப்பு நடுவில்தான் நைந்துபோகும், ஓரம் கெட்டியாக இருக்கும். அதனால் நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு ஓரங்களையும் ஒன்றுசேர்த்து நடுவில் மூட்டி, நைந்த பக்கத்தை ஓரமாக்கி மடித்துத் தைத்துவிடுவார்கள். இன்னும் சில வருஷம் ஓடும். நடுவில் ஓடும் தையல் முதுகில் உறுத்தும், அவ்வளவுதான். பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி நனைத்து, சுருள் போகக் காயவைத்து, குழந்தைக்குப் புதுச்சட்டை பின்னுவார்கள். கணவன் படைக்குப் போயிருந்தால் அவர் கோட்டு மனைவியின் கோட்டாக மாறும். வர்த்தக வாரியம் 1943-ல் இந்த வித்தைகளையெல்லாம் தொகுத்துச் சிறு நூலாகவே வெளியிட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் சின்னதான உடையைக் கொடுத்துப் பெரியதை வாங்கிக்கொள்ள, பெண்கள் தொண்டுப் படையினர் மாற்று நிலையங்கள் நடத்தினார்கள்.

பட்டுக் காலுறை கிடைக்காதபோது காலில் பழுப்புச் சாயம் பூசி, பின்பக்கம் புருவப் பென்சிலால் தையல்கோடு வரைந்துகொண்ட பெண்களைச் சிலர் கேலியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கேலி தெரியவில்லை. குண்டு விழுந்த மறுநாள் காலையும் சீராக உடுத்தி வேலைக்குப் போவது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

கல்யாணம் எப்படி நடந்தது?

கேக்குக்கு மேல் சர்க்கரைப் பூச்சு வைக்க 1940 ஆகஸ்டிலேயே தடை. அதனால் அட்டையில் செய்த மூன்றடுக்கு வெள்ளைக் கேக்கு உறையை வாடகைக்கு எடுத்து, உள்ளே சின்னக் கேக்கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். உலர்பழம், முட்டை, சர்க்கரை எல்லாம் உறவுக்காரர்கள் மாதக்கணக்கில் மிச்சம்பிடித்துத் தந்தது. மணமகள் உடை ஒன்றே பல கல்யாணம் பார்க்கும். இளவரசி எலிசபெத்தின் 1947 திருமண உடைக்குக்கூடக் கூப்பன் தேவைப்பட்டது. பல பெண்கள் தங்கள் கூப்பனை அன்பளிப்பாக அனுப்ப, பிறர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டன.

பெட்ரோல்?

எல்லாவற்றுக்கும் முன்னால், 1939 செப்டம்பரிலேயே ரேஷனுக்கு வந்தது பெட்ரோல்தான். கம்பெனிப் பெயர்கள் மறைந்து எல்லாம் ஒரே கலவையாக விற்றது. சொந்தக் காருக்கான அடிப்படை அளவையும் 1942 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். டாக்டர், விவசாயி என்று அவசியத் தேவை உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் காரைச் செங்கல் மேல் தூக்கிவைத்து டயரைக் கழற்றிவிட்டு சைக்கிளுக்கு மாறினார்கள். லண்டன் பேருந்துகள் சில, பின்னால் இழுத்துவந்த சின்ன வண்டியில் நிலக்கரியை எரித்து அந்த வாயுவில் ஓடின. பிரபல இசையமைப்பாளரும் நடிகருமான ஐவர் நொவெல்லோ பெட்ரோல் விதியை மீறியதற்காக 1944-ல் சிறை சென்றார்.

வீட்டுக்கு எரிபொருள்?

நிலக்கரிதான் அடுப்பு, அதுதான் கணப்பு. மின்சாரமும் எரிவாயுவும்கூட அதிலிருந்தே. இதற்கு உணவு மாதிரிக் கூப்பன் போடும் திட்டம் 1942-ல் வந்து எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பதிலாக, வியாபாரி ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் இறக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். சுரங்கத்தில் ஆள் பற்றாமல், 1943 டிசம்பரிலிருந்து படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் குலுக்கல் முறையில் சிலரைச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் அவர்களுக்குப் 'பெவின் பையன்கள்' என்று பெயர். சுமார் 48,000 பேர். பதக்கமோ சீருடையோ இல்லை. தெருவில் போனால் போருக்குப் பயந்தவன் என்று ஏச்சு வேறு.

வீட்டில், குளியல் தொட்டியில் ஐந்து அங்குலத்துக்கு மேல் வெந்நீர் வேண்டாம் என்று வேண்டுகோள். அரண்மனைத் தொட்டியிலும் அந்த அளவுக்குக் கோடு போட்டிருந்தார்கள். சமையலில் எரிபொருளை மிச்சம்பிடிக்க வைக்கோல் பெட்டி வைத்துக்கொண்டார்கள்: மரப்பெட்டியில் வைக்கோலை இறுக அடைத்து நடுவில் குழி விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கொதித்த குழம்புப் பாத்திரத்தை மூடியோடு அதில் இறக்கி, மேலே ஒரு வைக்கோல் திண்டை அழுத்திவிட்டால், சாயங்காலத்துக்குள் சூட்டிலேயே வெந்திருக்கும்.

கள்ளச்சந்தை இருந்ததா?

தாராளமாக. முட்டை, நைலான் காலுறை, பெட்ரோல், துணிக் கூப்பன், எல்லாமே. பெரிய திருட்டுக் கும்பல்களும் உண்டு. ஆனால் அதிகம் நடந்தது கடைக்காரர் வேண்டப்பட்டவருக்கு மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற சில்லறைக் காரியம். அபராதமும் சிறையும் இருந்தும் ஒழியவில்லை. ஆனால் அடிப்படை ரேஷன் நிச்சயமாகக் கிடைத்ததால், கள்ளச்சந்தைக்குப் போகாமல் பிழைக்கவே முடியாது என்ற நிலை யாருக்கும் வரவில்லை.

உடல்நலம் என்ன ஆனது?

கேம்பிரிட்ஜில் ராபர்ட் மெக்கான்ஸ், எல்ஸி விடோசன் என்ற இரு ஆய்வாளர்கள் போர் தொடங்கியதுமே, இறக்குமதி அடியோடு நின்றால் என்ன கிடைக்குமோ அதை மட்டும் உண்டு தங்களையே சோதித்தார்கள். சில நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று மாதம் ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். வாரத்துக்கு ஒரு முட்டை. பிறகு குளிர்காலத்தில் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து (லேக் டிஸ்ட்ரிக்ட்) மலைகளில் ஏறி நடந்து உடலைச் சோதித்தார்கள். தெம்பு குறையவில்லை, சாப்பிட்டு முடிக்க நேரம் பிடித்தது, வாயுத்தொல்லை இருந்தது. கால்சியம் பத்தவில்லை என்பது தெரியவந்து, ரொட்டி மாவில் சுண்ணாம்புப் பொடி சேர்க்க அதுவே வழிசெய்தது.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் ஆயிரம் பிறப்புக்கு 1939-ல் சுமார் 51 ஆக இருந்த சிசு மரணம், குண்டுவீச்சுக் காலமான 1941-ல் 60-க்கு ஏறி, 1945-ல் 46-க்கு இறங்கியது. முன்பு பாலும் முட்டையும் கண்ணில் பார்க்காத ஏழைக் குழந்தைக்குப் பங்கு கிடைத்ததும் இதற்கு ஒரு காரணம்.

அதே காலத்தில் அவர்கள் ஆண்ட இந்தியாவில்?

வங்காளத்தில் 1943-ல் ஏறக்குறைய 30 லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டார்கள். பர்மா அரிசி நின்றது, புயலடித்தது, ஜப்பானியர் கைக்குப் போய்விடுமென்று அரசே படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்தியது, விலை கட்டுக்கடங்காமல் ஏறியது. கல்கத்தாவின் தொழிற்சாலைகளுக்குத் தானியம் ஒதுக்கப்பட்டது. கிராமத்துக் கூலிக்காரருக்கு எந்தப் புத்தகமும் இல்லை. கல்கத்தாவில் முறையான ரேஷன் வந்தது 1944 தொடக்கத்தில், பிணங்கள் விழுந்த பிறகு. டெல்லி கேட்ட தானியத்தைவிட மிகக் குறைவாகவே லண்டன் அனுப்ப ஒப்புக்கொண்டது. தன் மக்களுக்கு இரண்டு அவுன்ஸ் வெண்ணெயை உறுதிசெய்யத் தெரிந்த அரசுதான் இதையும் செய்தது. பிரிட்டிஷ் ரேஷனைப் பாராட்டி எழுதும் எவரும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அந்த 2 அவுன்ஸ் தேயிலையும் பெருமளவு இலங்கையிலும் இந்தியாவிலும் பறித்தது. 1942-ல் ஜாவா ஜப்பானியர் வசமானபின் இந்த இரண்டு நாட்டுத் தோட்டங்களைத்தான் பிரிட்டன் நம்பியிருந்தது. மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள் நம் தமிழ்ப் பெண்கள்.

போர் முடிந்ததும் ரேஷன் நின்றதா?

கூடியது. 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் ஓய்ந்த மூன்றே வாரத்தில் பன்றி இறைச்சி 4 அவுன்ஸிலிருந்து 3-க்கும், சமையல் கொழுப்பு 2-லிருந்து 1-க்கும் இறங்கின. அமெரிக்கா கடனாகத் தந்துவந்த சரக்கும் அந்த ஆண்டே நின்றது. கையில் டாலர் இல்லை. தோற்ற ஜெர்மனியில் தன் பொறுப்பிலிருந்த பகுதிக்கும் பிரிட்டனே உணவு அனுப்ப வேண்டியிருந்தது. போரில் ஒருநாளும் ரேஷனுக்கு வராத ரொட்டி 1946 ஜூலையில் வந்து இரண்டு ஆண்டு இருந்தது. 1947-ன் கடுங்குளிரில் நிலக்கரி போதாமல் ஆலைகள் மூடின, வீடுகளில் மின்சாரம் நேரம் வைத்து நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் உருளைக்கிழங்கும் ரேஷனுக்கு வந்தது. ஜெயித்த நாட்டுக்கு இது ஏன் என்று இல்லத்தரசிகள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக: துணி 1949 மார்ச், பெட்ரோல் 1950 மே, தேயிலை 1952 அக்டோபர், சர்க்கரை 1953 செப்டம்பர். மிட்டாயை 1949 ஏப்ரலில் விடுவித்துப் பார்த்தார்கள். கடைகள் காலியாகி, ஆகஸ்டிலேயே மறுபடி ரேஷன். பிள்ளைகள் 1953 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இறைச்சி கடைசி. மறு ஆண்டு, 1955-ல், உணவு அமைச்சகத்தை வேளாண் அமைச்சகத்தோடு இணைத்துவிட்டார்கள்.